மலை ரோட்டுல எந்த டவர் இருந்தாலும் எல்லா சிம்முக்கும் கெடைக்கோணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

சத்தியமங்கலத்துலிருந்து எழுதறனுங்க. பிக்கப் வண்டி ஓட்டறதுதான் நம்ம பொழப்பு, தாளவாடி பக்கமிருந்து முட்டைக்கோஸ், தக்காளி, உருளைக்கெழங்குன்னு ஏத்திக்கிட்டு திம்பம் எறங்கி மேட்டுப்பாளையம், கோயமுத்தூர் மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது, சீசன்ல சத்தி பூ மார்க்கெட்டுலிருந்து மல்லிகை லோடும் போகும். மலை ரோட்டுல சிக்னல் இல்லாம வண்டிக்காரங்களும் பஸ்ல போறவங்களும் படற பாட்டப் பத்தி உங்க பேப்பர்ல யாராச்சும் எழுதுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், யாரும் எழுதல, அதனால நானே எழுதிட்டனுங்க. கேக்கறது ஒன்னே ஒன்னுதான், மலை ரோட்டுல எந்தக் கம்பெனி டவர் இருந்தாலும் அதுல எல்லாக் கம்பெனி சிம்மும் வேலை செய்யோணும்.

நெட்டுங்கறது வண்டில போறப்ப பாட்டு கேக்கறதுக்கும் ரீல்ஸ் பாக்கறதுக்கும்னு நெனைக்கறவங்க இன்னும் இருக்காங்க. அப்படியெல்லாம் இல்லீங்க. நீலகிரிக்குப் போகோணும்னா 2024 மே 7-லிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்கோணும், அத எடுக்கறதும் காட்டறதும் போன்லதான். டோல்கேட்டுல ஃபாஸ்டேக் வேலை செய்யலைன்னு வைங்க, 2025 நவம்பர் 15-லிருந்து யுபிஐல கட்டுனா ஒன்னேகால் மடங்கு, கைக்காசாக் கொடுத்தா ரெண்டு மடங்குன்னு விதி போட்டாங்க, அப்ப அந்த நேரத்துல விஜயமங்கலம் டோல்கேட்டுல நெட் கெடைக்கறவருக்கும் கெடைக்காதவருக்கும் காசுலயே வித்தியாசம் வந்துருது. ஆர்சி புக்கு, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கர்ல காட்டுனா செல்லும்னு 2018-லயே சொல்லிட்டாங்க, ரொம்ப நல்ல விசயம், ஆனா சிக்னல் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்திக் கேட்டா அந்த ஆப் தொறந்தாத்தானே காட்டறதுக்கு. பெட்ரோல் பங்குல, டீக்கடைல, பஞ்சர் கடைல எல்லா எடத்துலயும் ஸ்கேனர் அட்டைதான் மாட்டியிருக்கு. இப்படி ஒவ்வொன்னா போனுக்குள்ள கொண்டு போய் வச்சுட்டு அந்த போனுக்கு ரோட்டுல சிக்னல் இல்லைன்னா சனங்க என்னதாங்க பண்ணுவாங்க.

எங்க காய்கறித் தொழில எடுத்துக்குங்க. தாளவாடில லோடு ஏத்தறப்ப ஒரு வெலை இருக்கும், பண்ணாரி வந்து எறங்கறதுக்குள்ள வேற வெலை ஆயிருக்கும், மண்டிக்காரங்க வாட்ஸாப்புல போடுவாங்க. மேட்டுப்பாளையத்துக்குப் போறதா நேரா கோயமுத்தூருக்கு விடறதான்னு தோட்டத்துக்காரரு யோசிச்சு ஒரு வார்த்தை சொல்றதுக்கு நடு வழில நம்ம போன் கெடைக்காது. சத்திக்கு வந்து டிங்கு டிங்குன்னு மெசேஜ் விழறப்பதான் தெரியும், அவரு ஆசனூர்ல நாம இருக்கறப்பவே கூப்புட்டிருக்காருன்னு. தக்காளி ஒரு நாள் தள்ளுனா அழுகிப் போற சரக்குங்க, அந்த ஒரு போன் கெடைக்காததுல போற காசு வெவசாயி காசு.

பண்ணாரி செக்போஸ்ட்டத் தாண்டி ஏறுனா 27 கொண்டை ஊசி வளைவு, மேல திம்பம், அப்புறம் ஆசனூர், அக்கட்டால தாளவாடி பிரியற ரோடு. இந்தத் தடம் முழுக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி சிக்னல் போறதில்லீங்க, அதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு வளைவுல ஒரு கம்பெனி சிம்முக்கு ரெண்டு கட்டை இருக்கும், பக்கத்துல நிக்கறவரு சிம்முல பெருக்கல் குறி போட்டிருக்கும், நாலு வளைவு தள்ளிப் போனா அப்படியே மாறிக்கும். டவர்லிருந்து வர்ற அலை மலைய ஊடுருவிக்கிட்டு வராதுங்க, நேர்ப்பார்வை இருந்தா வரும், முகடு மறைச்சா போச்சு, அதனால ஒவ்வொரு கம்பெனி டவர் வச்சிருக்கற எடத்தப் பொறுத்து அவங்கவங்களுக்கு ஒவ்வொரு பக்கம் கெடைக்குது. எல்லா வளைவுக்கும் கெடைக்கற மாதிரி ஒரே கம்பெனி டவர் போடோணும்னா செலவு சாஸ்தி, அங்க குடியிருக்கற சனம் கம்மி, வருமானம் வராதுன்னு எந்தக் கம்பெனியும் போட மாட்டேங்குது.

போன மழைக்காலத்துல நடந்தத சொல்றனுங்க. ஒரு பெரிய லாரி வளைவுல திரும்ப முடியாம குறுக்க நின்னுருச்சு, ரெண்டு பக்கமும் வண்டி நின்னு போச்சு. தாளவாடி பஸ் ஒன்னு நம்ம வண்டிக்கு முன்னால நின்னுச்சு, அதுலிருந்து எறங்குன சனமெல்லாம் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ரோட்டோரச் செவுத்துப் பக்கம் போய் நிக்கறாங்க. ஒரு அம்மிணி, ஆசனூர்ல பையன் பள்ளிக்கொடம் விட்டு வந்து நின்னுக்கிட்டு இருப்பானுங்க, வீட்டுல யாருமில்லீங்கன்னு சொல்லிக்கிட்டே அங்கயும் இங்கயும் நடக்குது. கடைசில மூங்கில் லோடு வண்டி தம்பி ஒருத்தருக்கு மட்டும் அந்தச் செவுத்து மேல ஏறி நின்னா சிக்னல் வருது. "தம்பி, உங்க போன்ல ஒருக்கா பேசிக்கட்டுங்ளா"ன்னு அந்த அம்மிணி கேட்டுச்சு, "அதுக்கென்னங்க்கா, இந்தாங்க, மொதல்ல நீங்க பேசுங்க"ன்னு கொடுத்தாரு. அப்புறம் வரிசையா ஒவ்வொருத்தரும் வாங்கிப் பேசறாங்க, அவரு ஹாட்ஸ்பாட் போட்டு பாஸ்வேர்ட சத்தமா சொன்னாரு, அவரோட அன்னைக்கு டேட்டா தீர்ற வரைக்கும் ஓடுச்சு, சத்திலிருந்து கிரேன் வரச் சொன்னதும் அந்த ஒரே போன்லதான். அங்க நின்ன அத்தன பேரும் மாசா மாசம் ரீசார்ஜ் பண்றவங்க. டவரும் எங்கியோ இருக்கு, சிக்னல் அந்த வளைவு வரைக்கும் வருது, ஆனா ஒருத்தரு சிம்முக்கு மட்டும் வேலை செய்யுது மத்தவங்களுக்கு செய்யல. இது மலையோட குத்தமில்லீங்க.

எப்படின்னா, 112-க்கு அடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். நம்ம கம்பெனி டவர் இல்லைன்னாலும் வேற எந்தக் கம்பெனி டவர் கெடைச்சாலும் அது வழியா 112 போயிரும், போன் திரையில அவசர அழைப்பு மட்டும்னு காட்டறது அதுக்குத்தான். அப்படின்னா நம்ம போனும் அந்த டவரும் பேசிக்க முடியும், கருவியில எந்தக் கொறையும் இல்ல, கம்பெனிக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம்தான் வேணும். அதையும் நம்ம நாட்டுல பண்ணிட்டாங்க. 2025 ஜனவரி 17-ல மத்திய அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா தொடங்கி வச்சாரு, டிஜிட்டல் பாரத் நிதிங்கற அரசாங்க நிதில போட்ட 4ஜி டவருல பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூனு சிம்மும் எந்த டவர் கெடைச்சாலும் புடிச்சுக்கலாம்னு, 27,000-க்கும் மேல டவருக்கு. இதுக்குப் பேரு இன்ட்ரா சர்க்கிள் ரோமிங். அரசாங்கம் ரோடு போட்டா அதுல எந்தக் கம்பெனி வண்டியும் ஓடுதுல்லீங்க, அந்த நியாயம்தான் இதுக்கும். இத அரசாங்கக் காசுல போட்ட டவரோட நிறுத்தாம, மலை ரோட்டுல இருக்கற எல்லாக் கம்பெனி டவருக்கும் கொண்டு வாங்கன்னுதான் நாங்க கேக்கறோம்.

காட்டுக்குள்ள புதுசா டவர் போடுங்கன்னு கேக்கலீங்க, அதையும் தெளிவாச் சொல்லிப் போடறேன். 2013-லிருந்து இது புலிகள் காப்பகம். ராத்திரி போக்குவரத்துத் தடையே 2022 பிப்ரவரி 10-லிருந்து ஐகோர்ட் உத்தரவுல நடக்குது, ஆனை, மான், சிறுத்தையெல்லாம் ரோடு தாண்டற எடம், எங்களுக்கும் அந்தக் காடு வேணும், காடு இருந்தாத்தான் மழை. அங்க ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியா டவர், அதுக்குக் கரண்ட் லைன், ஜெனரேட்டர், டீசல் கொண்டு போறதுக்குத் தடம்னு போட்டா காடு என்னத்துக்காவும். இருக்கற டவர எல்லாரும் பங்கு போட்டுக்கறதுதான் காட்டுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. கடம்பூர் மலை, பர்கூர் மலைல இருக்கற பழங்குடி சனங்களுக்கும் இது பொருந்தும், ஒரு பிரசவ வலின்னா ஆம்புலன்ஸுக்குச் சொல்றதுக்கு மேடு ஏறிப் போய் நிக்கற நெலமை அவங்களுக்கு எதுக்குங்க.

பண்ணாரி குண்டம் நோம்பிக்கு வர்றவங்க இன்னொரு கூத்து பாத்திருப்பாங்க, சிக்னல் அஞ்சு கட்டை நிக்கும், ஒன்னும் ஓடாது. ஒரு டவர் ஒரே நேரத்துல இத்தன பேருக்குத்தான் கொடுக்க முடியும், லட்சக்கணக்குல சனம் கூடறப்ப எல்லாரும் வீடியோ அனுப்புனா அடைச்சுக்கும். அந்த மாதிரி நாள்ல வீடியோ கால விட்டுட்டு எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்க, போயிரும். நோம்பிக்குன்னு வண்டில வச்ச தற்காலிக டவர் கொண்டு வந்து நிறுத்தறாங்க, அது எத்தன வேணும்னு கம்பெனிக பார்த்துக்கட்டும்னு விடாம மாவட்ட நிர்வாகமே முன்னக்கூட்டிச் சொல்லி வாங்கோணும்.

வைஃபை பத்தியும் சொல்லோணும். ரயில்வே ஸ்டேஷன்ல ரயில்டெல் போட்ட வைஃபை இருக்கு, தெனம் அரை மணி நேரம் சும்மா கெடைக்கும், ஈரோடு ஜங்ஷன்ல வண்டி மாறறவங்களுக்கு அது எவ்வளவு தோதுன்னு அவங்களக் கேட்டாத் தெரியும். 2017-ல காந்திபுரம், சேலம் பஸ் ஸ்டாண்டுல அம்மா வைஃபைன்னு தொடங்குனாங்க, தெனம் 20 நிமிசம் இலவசமாக் கொடுத்தாங்க. அந்த யோசனை பெரிய ஊரோட நிக்காம சத்தி, அந்தியூர், தாராபுரம், பொள்ளாச்சின்னு தாலுக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருக்கோணும். ஆனா இந்த வைஃபைல எல்லாம் ஒரு முடிச்சு இருக்குதுங்க, உள்ள போறதுக்கு நம்பர் கொடுத்தா ஓடிபி வரும், அந்த ஓடிபி வர்றதுக்கு சிக்னல் வேணும், சிக்னல் இல்லாததாலதானே வைஃபை தேடறோம். அதனால சிக்னல் கெடைக்காத எடத்துல வைக்கற வைஃபைக்கு செக்போஸ்ட்டுலயோ கடைலயோ ஒரு கூப்பன் சீட்டு கொடுத்து உள்ள விடற ஏற்பாடு வேணும். யாரு பயன்படுத்துனாங்கன்னு பதிவு வேணும்னா ஆதார் அட்டையோ லைசென்ஸோ பாத்து நோட்டுல எழுதிக்கட்டும்.

பிஎம் வாணின்னு ஒரு திட்டம் இருக்கு, 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, நம்ம பக்கம் ரொம்பப் பேருக்குத் தெரியவே தெரியாது. டீக்கடைக்காரரு, மளிகைக்கடைக்காரரு ஆராயிருந்தாலும் ஒரு பிராட்பேண்ட் லைன் வாங்கி ரௌட்டர் வச்சு வர்றவங்களுக்கு வைஃபை சின்னச் சின்ன கூப்பனா விக்கலாம், அதுக்கு லைசென்ஸ் வேண்டாம், கட்டணமும் கெடையாது. ஆசனூர்ல டீக்கடைல நின்னு டீ குடிக்காத வண்டி உண்டுங்களா? அந்தக் கடைல பத்து ரூவாய்க்கு வைஃபை கெடைச்சா லோடுக்காரரும் வாங்குவாரு, மைசூருக்குப் போற டூரிஸ்ட்டும் வாங்குவாரு, கடைக்காரருக்கும் நாலு காசு. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டு போறதுக்குன்னு டான்ஃபிநெட்னு அரசாங்கக் கம்பெனி இருக்கு, ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் வர்ற லைன அப்படியே பஸ் ஸ்டாப் வரைக்கும் இழுத்தா ஆச்சு. கேபிள்ல வர்றத மலை மறைக்காது.

இதெல்லாம் நடக்கறதுக்கு நாளாகும்னு தெரியும். அதுவரைக்கும் மலை ஏறறவங்க, வெளியூர்லிருந்து வர்ற ஒறம்பரைங்க, சில விசயம் தெரிஞ்சு வச்சுக்குங்க. கூகுள் மேப்ப வீட்டுலயே டவுன்லோட் பண்ணி வச்சுட்டா சிக்னல் இல்லாத காட்டுலயும் நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டும், ஏன்னா ஜிபிஎஸ் வர்றது செயற்கைக்கோள்லிருந்து, டவர்லிருந்து இல்ல. ரோட்டுல ட்ராஃபிக் எப்படின்னு மட்டும் தெரியாது. இ-பாஸ், ரூம் புக்கிங் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, ஆர்சி, லைசென்ஸ் ஒரிஜினலே கைல இருக்கட்டும். ரெண்டு சிம் போடற போன்னா ரெண்டையும் ஒரே கம்பெனில வாங்காதீங்க, வேற வேற கம்பெனியா இருக்கட்டும், ஒன்னு கெடைக்காத வளைவுல இன்னொன்னு கெடைக்கும். சிக்னல் இல்லாத எடத்துல போன் விடாமத் தேடிக்கிட்டே இருக்கும், அதுல பேட்டரி மடமடன்னு எறங்கிரும், அப்ப ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு சிக்னல் வர்ற எடத்துல எடுத்துவிடுங்க, சிக்னல் இருந்தும் நெட் ஓடலைன்னாலும் அப்படி ஒருக்கா போட்டு எடுத்தா போன் புதுசாத் தேடிப் புடிச்சுக்கும்.

பணத்துக்கு, ஸ்டார் 99 ஹேஷ்னு டயல் பண்ணா நெட்டே இல்லாம யுபிஐ அனுப்பலாம், ஒரு தடவைக்கு 5,000 ரூவா வரைக்கும், பேசற சிக்னல் கொஞ்சம் இருந்தாப் போதும், பட்டன் போன்லயும் நடக்கும். அதுக்கு பேங்குல கொடுத்த அதே நம்பர் சிம் போன்ல இருக்கோணும். இருந்தாலும் கைல சித்தே ரொக்கம் வச்சுக்குங்க. தாளவாடி, வாளையாறு, ஆனைகட்டி மாதிரி எல்லைப் பக்கம் போறப்ப போன் கர்நாடகா டவரையோ கேரளா டவரையோ புடிச்சுக்கும், சில போன்ல டேட்டா ரோமிங் ஆஃப்ல இருந்தா கட்டை நெறைய இருந்தும் நெட் வராது, செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணோணும். தாளவாடில நெறையப் பேரு இது தெரியாம சிம் கெட்டுப் போச்சுன்னு கடைக்குக் கொண்டு போறாங்க.

பொது வைஃபைல பேங்க் வேலை வச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டு பேருலயே எவனாச்சும் ஒரு வைஃபை போட்டு வச்சிருந்தா நமக்கு எது நெசம் எது பொய்யின்னு தெரியாது, அங்க இருக்கற கடைல பேரு கேட்டுட்டு சேருங்க, வெளிய வந்தா அந்த வைஃபைய மறந்துரச் சொல்லி போன்ல போட்டுருங்க. காசு போயிருச்சுன்னா ஒடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடிக்கோணும்.

அரசாங்கத்துக்கிட்ட நாங்க கேக்கறது இவ்வளவுதானுங்க. சத்தி-தாளவாடி, அந்தியூர்-பர்கூர், 40 வளைவு இருக்கற ஆழியார்-வால்பாறை, 70 வளைவு இருக்கற காரவள்ளி-கொல்லிமலை, இந்த நாலு ரோட்டுல மொதல்ல எல்லாக் கம்பெனி டவரையும் எல்லா சிம்முக்கும் தொறந்து விடோணும். எந்த வளைவுல எந்த சிக்னல் கெடைக்கும்னு ஒரு ஆளு போன்கள வச்சுக்கிட்டு ஏறி எறங்குனா ஒரே நாள்ல கணக்கெடுத்துரலாம், அத போர்டா எழுதி வளைவு நம்பர் பக்கத்துலயே வச்சுட்டா வண்டி நின்னு போனவங்க எங்க நடந்து போய்ப் பேசறதுன்னு தெரிஞ்சுக்குவாங்க, 112-ம் அதே போர்டுல எழுதியிருக்கட்டும். பண்ணாரி செக்போஸ்ட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல பெரிய சரக்கு லாரிகள விடறதில்ல, காலைல 6 மணி வரைக்கும் டிரைவருங்க அங்கயேதான் படுத்துக் கெடக்கறாங்க, அவங்க வீட்டுல புள்ளைங்ககூடப் பேசறதுக்கு ஒரு வைஃபை வச்சுக் கொடுங்க. எங்க ஊரு சட்டமன்றத்துக்கு பவானிசாகர்லயும் பாராளுமன்றத்துக்கு நீலகிரிலயும் வருது, ரெண்டு பேரும் இதக் கையில எடுத்து தொலைத்தொடர்புத் துறைல பேசோணும், ஈரோடு கலெக்டர் அய்யா கம்பெனிக்காரங்களையும் வனத்துறையையும் ஒன்னா உக்கார வச்சு ஒரு கூட்டம் போடோணும். கூட்டம் போட்டா எங்க வண்டிக்காரங்க வந்து எந்த வளைவுல என்ன கெடைக்கும்னு சொல்லத் தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டுநர் ஒருவர்,
சத்தியமங்கலம்.